மாட்டுக்கு என்ன நிறம்?

பிரமிளாவுக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஓடிக்கொண்டே இருக்கும் பட்டையின் ஓரத்தில் நின்று, விளிம்பு பிசகிய மூடிகளைப் பொறுக்கிச் சிவப்புக் கூடையில் போட வேண்டும். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கண்ணாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். பாகான் டத்தோவிலிருந்து ஈப்போ சந்தைக்கு லாரியில் தேங்காய் ஏற்றி வரும் அவள் கணவன் கனகராஜ் நேர்மாறு. தேங்காயை இறக்குவதற்குள் மூன்று பேருடைய குடும்பக் கதையைக் கேட்டு வந்துவிடுவான்.

அவர்கள் வீடு பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் பால்மரத் தோட்டம். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். பழைய குடியிருப்பில் இருபத்திரண்டு குடும்பங்கள் அப்படியே தங்கிவிட்டன. அதில் ஒன்பது வீடுகளில் மாடு உண்டு. பிரமிளாவிடம் ஏழு. காலையில் பால் கறந்து, மேய விட்டுவிட்டு, ஏழு மணிக்குத் தொழிற்சாலை வேனில் ஏறுவாள்.

செம்பனைக்குள் போன மாட்டைத் தேடுவது லேசான காரியம் இல்லை. எந்த வரிசையில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கூப்பிட்டால் குரல் ஓலைக்குள்ளேயே அடங்கிவிடும். இதற்காகத்தான் பக்கத்துக் குடியிருப்பில் இருபது மாடு வைத்திருக்கும் சன்னாசி, 'மாடு காணோம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார். மாட்டுக்காரர்கள், செம்பனைக் காவலாளிகள், லாரி ஓட்டுநர்கள், பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் என்று அது நூற்று நாற்பத்து மூன்று பேராக வளர்ந்தது. மாடு காணோம் என்றால் போட வேண்டும்; தெரியாத மாட்டைப் பார்த்தால் போட வேண்டும். அவ்வளவுதான் அதன் நோக்கம்.

போன வருடம் மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை பிரமிளாவின் மாடு ரோஜா கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தலைச்சன் சினை, ஏழு மாதம். பிரமிளா குழுவில் எழுதினாள்: "செவலை மாடு. நெத்தில வெள்ளச் சுட்டி. வலது காது கிழிஞ்சிருக்கும். சினை. பாத்தவங்க கூப்பிடுங்க." வேனில் ஏறினாள். தொழிற்சாலையில் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பத்து மணி தேநீர் இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது நூற்றுச் சொச்சம் தகவல்கள் கிடந்தன. விரலால் தள்ளினாள். ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம். யாரோ ஒருவர் மகளுக்குப் பிறந்தநாள்; அதற்கு முப்பது பேர் வாழ்த்து. பப்பாளி இலைச் சாறு குடித்தால் என்னென்ன நோய் போகும் என்ற பட்டியல். அரசியல் பேச்சு ஒன்று, அதற்குக் கீழே இரண்டு பேர் சண்டை. பூனை பியானோ வாசிக்கும் காணொளி. மணி அடித்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கைப்பேசியை மூடிவிட்டாள்.

ஆனால் ரூபன் மாட்டைப் பார்த்திருந்தான். இருபத்தொன்பது வயது, மூன்று மாடு வைத்திருப்பவன். ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டை ஒன்றின் அந்தக் கரையில் அவன் வீடு. ஏழே முக்காலுக்கு அவன் வயிறுவரை சேற்றில் இறங்கிப்போன ஒரு செவலை மாட்டைப் படம் எடுத்து, "யார் மாடு இது? சீக்கிரம் வாங்க" என்று அதே குழுவில் போட்டிருந்தான். பிரமிளா எழுதியதை அவன் பார்க்கவில்லை. அவன் போட்டதை பிரமிளா பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஐம்பத்து நான்கு தகவல்கள்.

மாலை நான்கு மணிக்குத்தான் சன்னாசி படத்தில் இருந்த கிழிந்த காதைக் கவனித்து பிரமிளாவைக் கூப்பிட்டார். பலகை போட்டு, கயிறு கட்டி, செம்பனைத் தோட்டத்து மண்வாரி இயந்திரத்தைக் கெஞ்சிக் கூட்டிவந்து, ஆறு மணிக்கு ரோஜாவை வெளியே எடுத்தார்கள். மாடு பிழைத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துச் சினை கலைந்து கன்று செத்து விழுந்தது.

பிரமிளா யாரையும் திட்டவில்லை. குட்டைக்கரையில் நாள் முழுக்க மாட்டுக்கு வாளியில் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்ற ரூபனுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தாள். அவன் சட்டை சேற்றில் வீணாகியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராகச் சன்னாசி வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, பூ போடுறவங்க, மருந்து போடுறவங்க எல்லாரையும் குரூப்ப விட்டுத் தூக்குங்க."

சன்னாசிக்கு யாரையும் முகம் சுளிக்க வைக்கத் தெரியாது. காவலாளி வேலை பார்த்த காலத்திலேயே, செம்பனைப் பழம் திருட வந்தவனை உட்காரவைத்து டீ கொடுத்தவர் என்று அவரைச் சொல்வார்கள்.

"எப்படிமா தூக்குறது? எல்லாம் நம்ம ஆளுங்க லா. இன்னிக்குத் தூக்கிட்டா நாளைக்குக் கல்யாண வீட்டுல மூஞ்சியப் பாக்கணும்ல?"

"என் கன்னு போச்சுண்ணே."

அன்று மாலையே சன்னாசி, வாட்ஸ்அப்பைச் சுத்தத் தமிழாக்கி, 'புலனக் குழு விதிமுறைகள்' என்று தலைப்பிட்டு ஒன்பது விதிகளை எழுதிப் போட்டார். அதற்குப் பதினெட்டுப் பேர் கும்பிடு போட்டார்கள். மறுநாள் காலையில் விதிகளுக்குக் கீழே முதல் ஆளாகக் காலை வணக்கம் போட்டவர் சன்னாசியேதான். பழக்கதோஷம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் இடைவேளையில் பிரமிளா ரொட்டியைக் கடித்துக்கொண்டே குழுவைத் திறந்தாள். தர்மேந்திரன் என்ற லாரிக்காரர், வெண்டைக்காயை ஊறவைத்த தண்ணீர் சிறுநீரகக் கல்லை எப்படிக் கரைக்கும் என்று இரண்டு முழத்துக்கு எதையோ அனுப்பியிருந்தார். பிரமிளாவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் விரல்கள் அடித்தது வேறு.

"அண்ணே, மாட்டுக்கு என்ன நிறம்?"

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "என்ன மாடும்மா?"

"மாடு காணோம்னாதான இதுல போடுவோம். நீங்க போட்டிருக்கீங்க. அதான் கேட்டேன். தேடணும்ல?"

அடுத்த நொடி ரூபன் உள்ளே வந்தான். "அண்ணே, கொம்பு இருக்கா?"

எண்ணெய் நிலையத்தில் வேலை செய்யும் குமுதா கேட்டாள்: "கடைசியா எந்தப் பக்கம் மேய விட்டீங்க?"

தர்மேந்திரன் சிரித்து உருளும் முகம் ஒன்றைப் போட்டுவிட்டு, வெண்டைக்காயை அழித்துவிட்டார். பிரமிளா இடைவேளை முடிந்து பட்டைக்கு முன்னால் வந்து நின்றபோது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இயந்திரத்துக்காரி கையால் 'என்ன?' என்று கேட்டாள். பிரமிளா இரண்டு விரலால் தலையில் கொம்பு வைத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

அது தொற்றிக்கொண்டது. அடுத்த வாரம் காலை வணக்கம் போட்டவரிடம் நான்கு பேர் நிறம் கேட்டார்கள். நிலம் விற்கும் விளம்பரம் போட்டவரிடம், "சினை மாடா, கறவை மாடா?" என்று கேட்டார்கள். தேர்தல் சமயத்தில் ஒருவர் ஒரு வேட்பாளரின் பெரிய படத்தைப் போட்டதும் குமுதா, "காணாமப் போயி எத்தன வருசம் ஆச்சு?" என்று கேட்க, ஒரு மணி நேரத்துக்கு லாரிக்காரர்களுக்கு வண்டி ஓட்ட முடியவில்லையாம், சிரித்துச் சிரித்து. படம் போட்டவரும் கடைசியில், "சரி சரி, கட்டிப் போட்டுடுறேன்" என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை வந்த முருகன் படம்தான் சிக்கலாகிப் போனது. போட்டவர் சன்னாசி. சாமி படத்துக்குக் கீழே கொம்பைப் பற்றிக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அரை மணி நேரம் குழு மூச்சுவிடாமல் இருந்தது. கடைசியில் பிரமிளாதான் எழுதினாள்: "கும்பிட்டுக்கிட்டோம்ணே. மாடு ஏதும் காணோமா?"

சன்னாசி அவளைக் கூப்பிட்டார். "என்னையே கேக்குறியேம்மா."

"உங்கள விட்டுட்டு மத்தவங்களக் கேட்டா நியாயமாண்ணே?"

"அதுவும் சரிதான் லா," என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் வரவில்லை.

யாரையும் நீக்கவில்லை. யாரும் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. ஆனால் ஜூன் மாதத்துக்குள் குழு மாறிவிட்டது. கைப்பேசி ஒலித்தால் அது மாடுதான் என்று எல்லோருக்கும் தெரிந்ததால், ஒலித்தவுடன் எடுத்துப் பார்த்தார்கள். அதற்கடுத்த மூன்று மாதத்தில் பதினான்கு மாடுகளும் ஒரு கிடாயும் வீடு வந்து சேர்ந்தன. ஒரு பசு பெருஞ்சாலை ஓரம் நிற்கிறது என்று எண்ணெய் நிலையத்திலிருந்து குமுதா போட்ட பதினோராவது நிமிடத்தில் அதன் சொந்தக்காரர் கயிற்றோடு வந்து நின்றார். சன்னாசி பூரித்துப்போய், "நீயே அட்மினா இரும்மா" என்றார்.

"வேணாம்ணே. நான் அட்மினாகி சொன்னா அதிகாரம் பண்றேன்னு சொல்லுவாங்க. கூட இருக்கறவன் கேட்டாத்தான் வெக்கமா இருக்கும்."

இந்த விஷயத்தில் பிரமிளா நன்றாகவே கணக்குப் போட்டிருந்தாள். ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

குழுவில் தியாகராஜா என்று ஒருவர் இருந்தார். ஈப்போவில் இருக்கிறார், எழுபத்தொரு வயது. கால்நடைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவரிடம் மாடு கிடையாது. மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது, மடி கட்டிக்கொண்டது என்று யாராவது போட்டால், என்ன செய்ய வேண்டும், எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று சுத்தமான தமிழில் எழுதுவார். மற்ற நேரம் இருக்கும் இடம் தெரியாது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை அவர் ஒரு படம் போட்டார். சன்னலோரம், நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா நிற்கிறார். கீழே எழுதியிருந்தார்: "என் மனைவி சாரதாதேவி. பக்கவாதம் வந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்று தானாக எட்டு அடி நடந்தார். உங்களிடம் சொல்லத் தோன்றியது."

படத்தைப் பார்த்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் முதல் கேள்வி வந்துவிட்டது. "ஐயா, மாட்டுக்கு என்ன நிறம்?" இரண்டாவது ஆள், "கொம்பு இருக்கா?" மூன்றாவது ஆள், "கறவையா?" யார் முதலில் கேட்பது என்ற போட்டியில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராகப் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

பிரமிளாவின் கைப்பேசி அப்போது அலமாரிக்குள் இருந்தது. இடைவேளையில் திறந்தவள் மேலிருந்து கீழே படித்தாள். பதினெட்டுக் கேள்விகளுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி இருந்தது. தியாகராஜா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டாள். அந்தப் பதினெட்டில் அவள் எழுதியது ஒன்றுகூட இல்லை. ஆனால் எல்லாமே அவளுடைய வாக்கியம்.

அன்று மாலை கனகராஜ் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஈப்போ போகணும். நாளைக்கு."

"யாரு வீட்டுக்கு?"

அவள் கைப்பேசியைக் காட்டினாள். அவன் படித்தான். தண்ணீர்க் குழாயை மூடினான். "போலாம்," என்றான்.

மறுநாள் இரண்டு போத்தல் பாலோடு போனார்கள். முகவரி சன்னாசி கொடுத்தது. தியாகராஜா கதவைத் திறந்தார். உயரமான மனிதர், சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். பிரமிளா தன் பெயரைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வாங்கோ, இருங்கோ," என்று மட்டும் சொன்னார்.

சன்னலோரம் அதே நாற்காலியில் சாரதாதேவி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

"ஐயா, மன்னிச்சிருங்க," என்றாள் பிரமிளா. கனகராஜ் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். இதை அவள்தான் சொல்ல வேண்டும். "அந்தக் கேள்விய ஆரம்பிச்சது நான்தான். என் மாடு சேத்துல மாட்டுனப்ப யாரும் பாக்கல. அந்தக் கோவத்துல ஆரம்பிச்சேன். இப்படி ஆகும்னு நெனைக்கல."

தியாகராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கட சொந்தக்காரருக்கும் ஒரு குரூப் இருக்கு பிள்ளை. அங்க போட்டா எண்பது பேர் கும்பிடு கை போடுவினம். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். உங்கட ஆக்கள் அப்பிடி இல்லை. ஒரு மாட்டுக்குக் காய்ச்சல் எண்டா சாப்பிட்டதா, சாணி எப்பிடி, எழும்பி நிண்டதா எண்டு எவ்வளவு கேக்கினம். இவ நடந்ததைப் பற்றியும் அப்பிடி யாராவது கேப்பினம் எண்டு நினைச்சன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கேட்டினம்தான்."

அப்போது சன்னலோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சாரதாதேவி சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கண்கள் இரண்டும் சிரித்தன.

"நீங்கள்... பதில்... சொன்னீங்களோ?" என்று கணவரைக் கேட்டார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"என்ன பதில்?"

"வெள்ளை." தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டினார். "கொம்பு... இப்ப இல்லை. முந்தி... இருந்தது."

முதலில் சிரித்தது கனகராஜ்தான். அப்புறம் பிரமிளா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. தியாகராஜா கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்து பார்த்தார். முடியவில்லை. "முந்தி இருந்தது உண்மைதான்," என்றார். அந்த வீட்டில் ஐந்து மாதத்தில் இப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டிருக்காது என்று கனகராஜ் பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

புறப்படும்போது பிரமிளா கேட்டாள்: "அம்மா இன்னிக்கு எத்தன அடி நடந்தாங்க? காலு எந்தப் பக்கம் இழுக்குது? சோறு சாப்புடுறாங்களா?" எல்லாவற்றுக்கும் தியாகராஜா நின்று, நிதானமாகப் பதில் சொன்னார். ஆனால் குழுவுக்குத் திரும்பி வருவீர்களா என்று கேட்டதற்கு, "பாப்பம்" என்று மட்டும்தான் சொன்னார்.

அன்று மாலை பிரமிளா தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் குழுவில் குரல்பதிவு ஒன்றைப் போட்டாள். மூன்று தடவை பேசி அழித்து, நான்காவதை அனுப்பினாள்.

"நான் பிரமிளா. தியாகராஜா ஐயா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். அந்தப் படத்துல இருந்தது அவரு வீட்டம்மா. நோயில கெடந்து எந்திரிச்சு நடந்திருக்காங்க. அதப் படிக்காம நாம பதினெட்டுப் பேரு கேட்டிருக்கோம். கேள்விய ஆரம்பிச்சு விட்டவ நான், அதனால எனக்கும் சேத்துத்தான் சொல்றேன். இனிமே கேக்குறதுக்கு முன்னால படிங்க. ஒருத்தர் கேட்டாப் போதும், ரெண்டாவது ஆளு வேணாம். அவ்ளோதான்."

கேட்ட பதினெட்டுப் பேரில் பலர் தியாகராஜாவுக்குத் தனியாக எழுதினார்கள். ரூபன் நேரில் போய் நின்றான். 'கறவையா' என்று கேட்டது அவன்தான். குழுவிலும் வழக்கம் மாறியது. ஒருவர் கேட்ட பிறகு இரண்டாவதாக யாராவது கேலியோடு வந்தால், இப்போது மற்றவர்கள் அவரிடம் திரும்பி, "உங்க மாடா அது?" என்று கேட்டார்கள். அவர் கமுக்கமாக அழித்துவிட்டுப் போவார். சன்னாசிக்கும் ஒரு யோசனை வந்தது. 'மாடு இல்லாத குரூப்' என்று இன்னொன்றைத் திறந்தார். பூ, முருகன், பிறந்தநாள், பப்பாளி எல்லாம் அங்கே குடிபோயின. அவருடைய வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை என்கிறார்கள்.

தியாகராஜா மட்டும் வரவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. ரூபன் குழுவில் போட்டான்: "கன்னு பாதில நிக்குது. தலையும் ஒரு காலும் தெரியுது. இன்னொரு காலக் காணோம். ஒரு மணி நேரமா முக்குது. டாக்டரு போன் எடுக்கல. யாராச்சும்."

பிரமிளா வீட்டில்தான் இருந்தாள். குழுவில் எதுவும் எழுதவில்லை. நேராகத் தியாகராஜாவைக் கூப்பிட்டாள்.

"ஐயா, ரூபன் மாடு. தலையும் ஒரு காலும் வந்திருக்கு. இன்னொரு காலு உள்ள."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "இழுக்க வேண்டாம் எண்டு சொல்லு. ஒருத்தரும் இழுக்கக் கூடாது. என்னைச் சேர்க்கச் சொல்லு."

சன்னாசி அவரைச் சேர்த்தார். தியாகராஜா எழுதிய முதல் வரி: "ரூபன், காணொளி அழைப்பில் வா. மற்றவர்கள் தயவுசெய்து பொறுங்கள்."

ரூபன் வீட்டில் அவன் மனைவி ஷர்மினி கைப்பேசியைப் பிடித்தாள். பிரமிளாவும் கனகராஜும் மோட்டார் சைக்கிளில் அங்கே போய்ச் சேர்ந்தபோது, தியாகராஜாவின் குரல் தொழுவத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு. எண்ணெய் பூசு. மாடு முக்கேக்க ஒண்டும் செய்யாதை. அது ஓயேக்க கன்றை மெதுவா உள்ளுக்குத் தள்ளு. ஓம், உள்ளுக்குத்தான். இடம் வேணும்."

"தள்ளிட்டேன் ஐயா."

"இப்ப நெஞ்சோட சேர்த்துக் கையைக் கொண்டு போ. மடங்கின முழங்கால் தெரியுதா?"

"தெரியுது... தெரியுது ஐயா!"

"அதுக்குக் கீழ குளம்பைத் தேடு. குளம்பை உன்ர உள்ளங்கையால பொத்திப் பிடி. இல்லாட்டி கருப்பையைக் கிழிச்சுப்போடும். பொத்திக்கொண்டு முன்னுக்குக் கொண்டு வா."

ரூபன் நெற்றியில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பிரமிளா தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். கனகராஜ் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான். இரண்டாவது கால் வெளியே வந்தது. இரண்டு கால்களிலும் கணுவுக்கு மேலே துணிக்கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுக்கச் சொன்னார். நான்காவது முக்கில் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. "மூக்கைத் துடை. வைக்கோலால மூக்குக்குள்ள கிளறு. நெஞ்சைத் தேய். நல்லாத் தேய்!" கன்று தும்மியது. மறுபடியும் தும்மியது. தலையை ஆட்டியது.

பிரமிளா அப்போதுதான் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. 'மாடு காணோம்' குழுவில் தியாகராஜாவின் வரிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒரு கும்பிடு இல்லை. 'என்ன ஆச்சு' இல்லை. 'கடவுளே' என்று ஒரு வரி இல்லை. நூற்று நாற்பத்து மூன்று பேரும் கைப்பேசியைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். மாடு இல்லாத குழுவைத் திறந்தாள். அங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு தகவல்கள். பாதி வேண்டுதல், மீதி, ரூபன் கன்று என்ன ஆச்சு என்ற கேள்வி. அவ்வளவு பதற்றத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டி, இங்கே வழி விட்டிருந்தார்கள்.

ஷர்மினி கன்றின் படத்தைக் குழுவில் போட்டாள். தியாகராஜா கீழே எழுதினார்: "கிடேரி. தாயும் சேயும் நலம். சீம்பால் உடனே குடிக்க வேண்டும்." அதன் பிறகு அவர் வெளியேறவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவர் தன் பழைய காரில் சாரதாதேவியைக் கூட்டிக்கொண்டு ரூபன் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மாவுக்குக் கன்றைப் பார்க்க வேண்டுமாம். பிரமிளா வடை சுட்டு எடுத்துப் போயிருந்தாள். சாரதாதேவி ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையால் கன்றுக்கு விரலைச் சப்பக் கொடுத்தார். அது விட மாட்டேன் என்றது. அவரும் எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கன்றை எங்கட வீட்டில கட்டி வச்சாத்தான் என்னைப் பாக்க வருவீங்களோ எல்லாரும்?" என்று பிரமிளாவைக் கேட்டார். பேச்சு இப்போது நன்றாகத் தேறியிருந்தது.

"மாசம் ஒருவாட்டி வாரேம்மா," என்றாள் பிரமிளா. யோசித்து, "ரெண்டு வாட்டி," என்று திருத்தினாள்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டார்கள். முதல் நாள் பெய்த மழையில் செம்பனைப் பாதை ஊறிக் கிடந்தது. கார் ஐம்பது அடி போவதற்குள் பின்சக்கரம் இறங்கிவிட்டது. தியாகராஜா விசையை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. ரூபனும் கனகராஜும், கன்றைப் பார்க்க வந்திருந்த லாரிக்காரர் தர்மேந்திரனும் ஓடிவந்து பின்னால் கை வைத்தார்கள். கோயிலுக்குப் போவதற்காக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அந்த வழியாக வந்த சன்னாசியும், "தாப்பா, பரவால்ல, நானும் ஒரு கை குடுக்குறேன் லா," என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டார்.

சாரதாதேவி சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எல்லாரும் ஒண்டாத் தள்ளுங்கோ! ஒண்டு, ரெண்டு..."

மூன்று சொல்வதற்குள் தியாகராஜா விசையை மிதித்துவிட்டார். கார் எகிறிக் கெட்டித் தரைக்குப் போய்விட்டது. சக்கரம் வாரியடித்த சேறு முழுவதும் சன்னாசியின் மேல். நெற்றியிலிருந்து வேட்டிவரை செம்மண். அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கார் நின்றது. தியாகராஜா பதறி இறங்கினார். உள்ளே சாரதாதேவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஐயோ, கோயிலுக்குப் போறவர..." என்றாள் பிரமிளா.

சன்னாசி தன்னையே ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்.

"முருகன் எங்கயும் போயிற மாட்டாரு. நாளைக்குப் போறேன்," என்றார். "வடை மிச்சம் இருக்காம்மா?"

இருந்தது. ஷர்மினி மறுபடியும் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.